விளக்குக்கும் திரிக்கும் உள்ள வித்தியாசம்

அன்புள்ள தம்பிக்கு,

மாத்தளைப் பக்கத்துப் பழைய வீட்டிலோ தோட்ட பங்களாவிலோ கிடந்த மேசை விளக்கு ஒன்று உன் கைக்கு வந்தால், உடனே பிளக்கில் செருகிப் பார்க்காதே. அறுபது, எழுபது வருடம் கண்ட விளக்கென்றால் உள்ளே ஓடுவது அநேகமாக நூல் பின்னிய ரப்பர் வயர்தான். ரப்பரைப் பதப்படுத்தக் கந்தகம் சேர்ப்பார்கள். அது செம்பை அரிக்கும் என்பதால் கம்பிக்கு வெள்ளீயம் பூசியிருப்பார்கள். கம்பி அப்படித் தப்பினாலும் ரப்பர் தப்பாது. மின்குமிழின் சூட்டில், ஹோல்டருக்கு அடியில் உள்ள பகுதிதான் முதலில் காய்ந்து பொருபொருக்கும். மேலே நூல் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். உள்ளே உறை கழன்ற கம்பி பித்தளைத் தண்டில் பட்டுக்கொண்டிருக்கும். அப்போதும் விளக்கு எரியும். எரிகிறது என்பதற்காக அதை நம்பிவிடாதே.

வயரை மாற்றினால் பழைமை போய்விடாதா என்று கேட்பாய். குத்துவிளக்குக்குப் புதுத் திரி போட்டால் விளக்கு புதிதாகிவிடுகிறதா? உங்கள் மாவட்டத்துப் பல்லேஹபுவித அரக்கு வேலைக்குப் பேர்போன ஊர். கடைந்த மரத்தில், இளக்கிய வண்ண அரக்கை இழையாக இழுத்து, பெருவிரல் நகத்தால் நறுக்கிப் பூவேலை செய்வார்கள். உன் விளக்கின் தண்டு அத்தகையதென்றால், அதில் ஒரு மனிதரின் கைத்திறன் நிற்கிறது, அதைத் தொடாதே. ஸ்பிரிட்டும் தின்னரும் அரக்கைக் கரைத்துவிடும், ஈரம் பிழிந்த துணியே போதும். அரக்கு சூட்டிலும் இளகும் என்பதால் பழைய இழை மின்குமிழை விட்டு, மஞ்சள் ஒளி தரும் எல்இடி போடு. வயருக்கு இந்த மரியாதை வேண்டாம். மேலே நூலும் உள்ளே பிவிசியும் உள்ள புது வயர் தோற்றத்தையும் காக்கும்.

அந்தக் காலத்தில் இரண்டு கம்பியே போதுமாயிருந்ததே, இப்போது வீட்டில் ட்ரிப் சுவிட்சும் இருக்கிறதே என்பார்கள். ட்ரிப் சுவிட்ச் விழ மின்சாரம் எங்காவது கசிய வேண்டும். எர்த் இல்லாத பித்தளை விளக்கில், தொடுகிறவரின் உடல்தான் அந்த வழி. எர்த் இருந்தால் கசிவு கம்பி வழியே போய், கை படுமுன்பே சுவிட்ச் விழுந்துவிடும். ஆகவே மூன்று கம்பி இழு: கபிலம் லைவ், நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் எர்த். பித்தளை உடலில் எர்த்தை இறுக்கு. சுவிட்ச் லைவை வெட்டட்டும். இழுத்தால் பாரம் திருகாணியில் விழாதபடி வயரைப் பிடித்துக் கட்டு. பதின்மூன்று அம்பியர் பிளக்கானால் உள்ளே மூன்று அம்பியர் பியூஸ் போடு. 230 வோல்ட்டுக்கு விளக்கின் வயது தெரியாது. முதல் தடவை செருகுமுன் ஒரு மின்னியலாளரிடம் காட்டிவிடு.

கழற்றிய வயரையும் ஹோல்டரையும் எறிந்துவிடாதே. உறையில் போட்டுத் திகதி எழுதி வை. பின்னால் வருகிறவருக்கு எது பழையது, எது நீ செய்தது என்று தெரியட்டும்.

அன்புடன்,
அண்ணன்