காரைக்கால் கைமாறிய விதம்

ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் பழைய பஞ்சாயத்தார் விலகிப் புதியவர் பொறுப்பேற்கும்போது, பெட்டிச் சாவியைக் கொடுத்துவிட்ட மாத்திரத்தில் ஒப்படைப்பு நிறைவேறியதாகாது. ரொக்கக் கையிருப்பு, கணக்குப் புத்தகங்கள், கடன் பத்திரங்கள், சிப்பந்திகளின் சம்பள பாக்கி ஆகிய யாவும் ஜாபிதாப்படி சரிபார்க்கப்பட வேண்டும். ஒரு நாட்டின் ஆட்சி கைமாறுவதும் இத்தகையதே. இதற்குத் தஞ்சை நாட்டார் தூரதேசத்தில் உதாரணம் தேட வேண்டியதில்லை. அரசலாறு கடலோடு கலக்கும் காரைக்காலே போதும்.

காரைக்கால் 1739-ஆம் வருஷத்தில் தஞ்சை மராட்டிய அரசிடமிருந்து பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. அதன் நிலப்புறம் முழுவதையும் பழைய தஞ்சாவூர் ஜில்லா சூழ்ந்திருந்தது. இரு புறத்தும் பாய்வது காவேரித் தண்ணீரே, விளைவது நெல்லே, பேசுவது தமிழே. ஆயினும், 1947-இல் சுற்றுப்புறக் கிராமங்கள் சுதந்திரம் அடைந்தபோது, காரைக்கால் மட்டும் அந்நியக் கொடியின்கீழ் நின்றது. பெண் கொடுத்த ஊருக்கும் எடுத்த ஊருக்கும் நடுவே சுங்கச் சோதனை குறுக்கிட்டது. இந்நிலை மாறியது மூன்று படிகளில்.

முதற்படி: குடிகளின் சம்மதம். பிரெஞ்சிந்தியாவின் எதிர்காலத்தை அதன் மக்களே தீர்மானிக்க வேண்டும் என்று 1948 ஜூனில் இரு சர்க்கார்களும் ஒப்புக்கொண்டன. ஆனால் வாக்கெடுப்பு எவ்விதம் நடைபெற வேண்டும் என்பதில் தகராறு நீண்டது. இடையில் கிளர்ச்சிகளும் கைதுகளும் நிகழாமலில்லை. 1954-இல் பாரிஸில் மெந்தேஸ் பிரான்ஸ் என்பார் பிரதம மந்திரியான பின் சமரசம் கூடிற்று. அவ்வருஷம் அக்டோபர் 18-ஆம் தேதி, புதுச்சேரியை அடுத்த கீழூரில், பிரதிநிதி சபையையும் நகரசபைகளையும் சேர்ந்த 178 அங்கத்தினர்கள் வாக்களிக்க உரிமை பெற்றிருந்தனர். இந்தியாவோடு சேர 170 பேர் இசைந்தனர். 8 பேர் மறுத்தனர். குடியானவர்கள் நேரில் வாக்களிக்கவில்லை, அவர்கள் தேர்ந்தெடுத்தவர்களே வாக்களித்தனர் என்பதையும் நினைவிற்கொள்க.

இரண்டாம்படி: நிர்வாக ஒப்படைப்பு. அக்டோபர் 21-ஆம் தேதி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 1954 நவம்பர் முதல் தேதி புதுச்சேரி, காரைக்கால், மாஹி, ஏனாம் ஆகிய நான்கின் நிர்வாகமும் இந்திய சர்க்காரிடம் வந்தது. கேவல் சிங் என்பார் பிரதம கமிஷனராகப் பொறுப்பேற்றார்.

மூன்றாம்படி: சட்டபூர்வமான உரிமை மாற்றம். இதற்கான சாசனம் 1956 மே 28-ஆம் தேதி கையெழுத்தாயிற்று. ஆயினும் அல்ஜீரிய யுத்தத்தில் சிக்கியிருந்த பிரான்சின் பார்லிமெண்டு அதை அங்கீகரிக்க ஆண்டுகள் சென்றன. 1962 ஆகஸ்டு 16-ஆம் தேதிதான் அது அமுலுக்கு வந்தது. ஏறத்தாழ எட்டு வருஷங்கள் நிர்வாகம் ஒருவரிடமும் சட்ட உரிமை மற்றொருவரிடமும் இருந்தன.

சாசனத்தின் ஷரத்துக்கள் கவனிக்கத் தக்கவை. உள்ளூர்ச் சிப்பந்திகளை இந்திய சர்க்கார் தன் ஊழியத்தில் ஏற்றது. பிரெஞ்சு நிர்வாகத்தின் பொறுப்புகளும் அதனையே சேர்ந்தன. அப்பிரதேசங்களின் தனி அந்தஸ்தை மக்களின் விருப்பத்தை அறியாமல் மாற்றலாகாது என்றும் விதிக்கப்பட்டது. பிரெஞ்சுப் பிரஜையாகவே இருக்க விரும்பியவர் ஆறு மாதத்திற்குள் எழுத்துமூலம் தெரிவிக்கலாம். அவ்விதம் தெரிவித்தவர் சில ஆயிரம் பேர். தெரிவிக்காமல் அங்கேயே வசித்தவர்கள் இந்தியப் பிரஜைகளாயினர். ஒரு குடும்பம் எந்நாட்டைச் சேர்வது என்பதே ஒரு துண்டுக் காகிதத்தைப் பொறுத்திருந்தது.

கோவாவில் நடந்தது வேறு. போர்ச்சுகல் பேச்சுக்கே இசையவில்லை. 1961 டிசம்பரில் இந்தியப் படை உட்புகுந்தது. இரு தரப்பிலும் உயிர்ச்சேதம் நேர்ந்தது. கோவாவின்மீது இந்தியாவுக்குள்ள உரிமையைப் போர்ச்சுகல் ஒப்புக்கொண்டது 1974-இல்தான்.

ஆகவே, சம்மதம் பெறுதல், பாத்தியதைகளை எழுத்தில் வரையறுத்தல், சிறுபான்மையோர்க்கு வழிவிடுதல் ஆகிய மூன்றும் அமைந்த இடத்தில் அதிகாரம் இரத்தமின்றிக் கைமாறும். எழுத்து வேலை தாமதித்தால் அதன் சங்கடம் சாமான்யர் தலையிலேயே விழும். சங்க அங்கத்தினரும் நிர்வாகம் மாறும் நாளில் இதை மறவாதிருப்பாராக.

கூட்டத்தில் விவாதிக்க வேண்டியவை:

1. கீழூரில் மறுத்தவர் எண்மரே. அவர்கள் வாக்கையும் எண்ணிப் பதிவது ஏன் அவசியம்?

2. நமது சங்கத்தில் பொறுப்பு மாறும்போது எழுத்தில் ஒப்படைக்க வேண்டியவை எவை?

3. அவ்வொப்படைப்பு தாமதமானால் முதலில் நஷ்டப்படுபவர் யார்?