பழுது பார்த்தலும் பழுது செய்தலும்

'பழுது பார்த்தல்' என்பது தமிழில் ஓர் அழகிய தொடர். பழுது என்னுஞ் சொல் குற்றத்தையும் சிதைவையும் பயனின்மையையும் உணர்த்தும். பார்த்தல் என்பது காண்டலோடு ஆராய்தலையும் குறிக்கும். ஒரு பொருளைச் செம்மை செய்தலைப் 'பழுது நீக்கல்' என்பதினும் 'பழுது பார்த்தல்' என்றே மிகுதியும் வழங்குகின்றனர் நம்மவர். கையால் நீக்குமுன் கண்ணாற் பார்த்தல் வேண்டும் என்னும் முறைமை அத்தொடரினுள்ளேயே அடங்கிக் கிடக்கின்றது. இதனை யாம் இலக்கண நூலினின்று அறிந்திலம். ஒரு மிதிவண்டியினால் அறிந்தோம். அதுவும் நாணத்தோடு அறிந்தோம். அவ்வறிவு பிறர்க்கும் பயன்படுமென்று கருதி ஈண்டு எழுதத் துணிந்தோம்.

எம் விடுதிக் காவலர் முதியவர். மாணவர் யாவரும் அவரை அண்ணாச்சி என்றே அழைப்பர். நாடோறும் மாலையிற் பழைய மிதிவண்டி ஒன்றன்மீது வந்து, விடியலில் அதன்மீதே தம் இல்லந் திரும்புவர். எம்முள் ஒருவர் கடுங்காய்ச்சலுற்றிருந்த இரவொன்றில், மழையையும் பாராது அவ்வண்டியிற் சென்று மருந்து வாங்கி வந்தவர் அவர். அந்நன்றியை நினைந்து, கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முந்திய சனிக்கிழமையன்று, அவர் வண்டியைச் செப்பஞ் செய்து தருவதென அறைத்தோழர் மூவேம் முடிவு செய்தோம். பின்சக்கரத்திற் காற்று நில்லாது இறங்கியது. இடப்பக்கத்து மிதிகட்டை பிளந்திருந்தது. சக்கர வளையங்கள் துருவேறியிருந்தன. கடைக்காரர்க்குக் கொடுக்குங் கூலி அண்ணாச்சிக்கு மிஞ்சுமே என்னும் நல்லெண்ணமும், கைப்பேசியிற் கண்ட படங்கள் தந்த துணிவும் எம்மைத் தூண்டின. அறிவு மட்டும் எம்மோடு வந்திலது.

முதற்கண் காற்றைப் பற்றிய பிழையைக் கூறுவோம். காற்று இறங்குகின்றது, ஆதலின் டியூபில் ஓட்டை உளது என்று துணிந்தோம். டயரின் விளிம்பைத் திருப்புளியால் நெம்பித் திறந்து, டியூபை வெளியே இழுத்து, காற்றடைத்துத் தொட்டி நீரில் அமிழ்த்தினோம். ஓரிடத்தில் இரு குமிழி வரிசை அருகருகே எழக் கண்டு பெரிதும் மகிழ்ந்தோம். அவ்விரு துளைகளும் எம் திருப்புளி அப்பொழுதே செய்தவை என்பது பின்னரன்றோ தெரிந்தது! விளிம்பிற்கும் திருப்புளிக்கும் இடையே டியூபு நசுங்கின், பாம்புக் கடிபோல இரு துளைகள் விழும். அவற்றை ஒட்டும்போதும் விரைந்தோம். சொல்யூஷன் பூசியபின் ஈரம் புலர்ந்து தொட்டால் ஒட்டும் பதம் வருமளவும் காத்திருத்தல் வேண்டும். யாமோ ஈரத்தின்மேலேயே ஒட்டுத் துண்டை வைத்தோம். அது வழுக்கி விலகியது. மும்முறை ஒட்டினோம்.

உண்மைப் பழுது வேறிடத்திருந்தது. இத்தகைய வண்டிகளின் வால்வினுள்ளே, சிறு துளையுடைய உலோகக் குழலின்மீது மெல்லிய இரப்பர் உறை ஒன்று செருகப்பட்டிருக்கும். வெளியினின்று அடிக்குங் காற்று அவ்வுறையைச் சற்று விலக்கி உள்ளே புகும். புகுந்த காற்றோ அவ்வுறையையே அழுத்தித் துளையை மூடிக்கொள்ளும். உறை நாட்பட்டு வெடித்தால் வாயில் திறந்தே கிடக்கும். கடைக்காரர் இதனை 'வால்டியூப்' என்பர். வால்வின் வாயில் ஒரு துளி நீர் வைத்திருப்பின் குமிழி எழுந்து உண்மையைக் காட்டியிருக்கும். அத் துளி நீரை வைக்காமையால் ஒரு பகற்பொழுதை இழந்தோம். நன்றாயிருந்த டியூபையும் இழந்தோம்.

இரண்டாவது பிழை மிதிகட்டையைப் பற்றியது. திருகாணி வலமாகத் திருப்ப இறுகும், இடமாகத் திருப்பக் கழலும் என்பது யாவரும் அறிந்த பொதுவிதி. யாம் கண்ட படத்திலும் அங்ஙனமே கழற்றினர். ஆனால் அவர் கழற்றியது வலப்பக்கத்து மிதிகட்டை. யாம் இடப்பக்கத்ததை இடமாகத் திருப்பினோம். அசையவில்லை. ஸ்பானரின் பிடியில் இரும்புக் குழாய் ஒன்றைச் செருகி மூவரும் சேர்ந்து திருப்பினோம். ஸ்பானர் வழுக்கிற்று, அது பற்றும் தட்டையான பக்கங்கள் மழுங்கின, எம்முள் ஒருவர் முழங்கை கிராங்கில் இடித்து வீங்கிற்று. யாம் கழற்றியதாக எண்ணியதெல்லாம் இறுக்கியதேயாம்.

சங்கில் வலம்புரியும் இடம்புரியும் உள்ளமை போல மரையிலும் அவ்விருவகை உள. மிதிவண்டியின் வலப்பக்கத்து மிதிகட்டை வலம்புரி மரையும், இடப்பக்கத்தது இடம்புரி மரையும் உடையன. இதற்குக் காரணமும் உண்டு. மிதிகட்டையின் அச்சு எத்துணை இறுகப் பொருந்தியிருப்பினும், கிராங்கின் துளைக்கும் அதற்கும் இடையே மயிரிழையினும் சிறிய இடைவெளி இருக்கும். மிதிக்குந்தோறும், கிராங்கை நோக்கக் காலின் அழுத்தம் அச்சினைச் சுற்றி வருதலால், அச்சு அவ்விடைவெளியில் எதிர்த்திசையில் மெல்ல உருளும். எழுதுகோல் ஒன்றைக் கைம்முட்டியுள் தளரப் பிடித்து, அதன் நுனியை மற்றொரு கையால் வட்டமாகச் சுழற்றிப் பார்ப்பின், கோல் எதிர்த்திசையில் உருளுதலைக் காணலாம். அவ்வுருட்சி அச்சினை மேலும் இறுக்குதற்கேற்ப இருபக்கத்து மரைகளையும் மாறுபட அமைத்தனர். பொதுவிதியையே இருபக்கமும் அமைத்திருப்பின், இடப்பக்கத்தது ஓட ஓடத் தானே கழன்று வீழும்.

இலக்கணத்திற் பொதுவிதி கூறி முடித்தபின் புறனடை கூறுவர். தேர்வுக்குப் படிக்கும் மாணவர் பலர் புறனடை நூற்பாவை இறுதியிற் பார்த்துக்கொள்ளலாமென விட்டுவிடுவர்; யாமும் அவ்வினத்தினரே. இடப்பக்கத்து மிதிகட்டை ஒரு புறனடை என்க. அதனைச் சுட்டும் குறியும் அதனிடத்தேயே உளது. மிதிகட்டைகளின் அச்சிற் பெரும்பாலும் 'எல்', 'ஆர்' என்னும் ஆங்கில எழுத்துக்கள் பொறிக்கப்பட்டிருக்கும். யாம் அழுக்கைத் துடைத்துப் படித்திலம்.

மூன்றாவது பிழையே கொடிது. முன்னிரண்டிலும் தோற்றமையால், வளையங்களையாவது பொன்போல் ஆக்குவோமென்று முனைந்தோம். மண்ணெண்ணெயால் துருவைத் தேய்த்து, பளபளப்பு வேண்டித் தேங்காயெண்ணெயும் பூசினோம். இரப்பர்க் கட்டை வளையத்தின் பக்கத்தைப் பற்றி உராய்தலினாலன்றோ பிரேக் வண்டியை நிறுத்துகின்றது? எண்ணெய் உராய்வைக் கெடுக்கும். உராய்வு கெட்டவிடத்துப் பிரேக் பெயரளவில் நிற்கும். விடுதி முற்றத்தில் ஓட்டிப் பார்த்தபோதே பிரேக் வழுக்கியது. அதனை மூவரும் உணர்ந்தோம். "சிறிது ஓடினாற் சரியாகிவிடும்" என்று ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொண்டோம். டியூபையும் மிதிகட்டையையும் கெடுத்த வெட்கம் போதாதென்று இதனையும் எங்ஙனம் சொல்வது? மாலையில் வந்த அண்ணாச்சி, ஒளிவிடுஞ் சக்கரங்களைக் கண்டு எம்மை வாழ்த்தினார். யாம் வாழ்த்தைப் பெற்றுக்கொண்டோம்.

மறுநாள் ஞாயிறு. அன்று மாலை அவர் கையிற் கட்டோடு வந்தார். விடியலில் ரயில்வே கேட்டருகேயுள்ள இறக்கத்தில் ஆடொன்று குறுக்கே வர, பிரேக் பிடியாது ஓடையில் வீழ்ந்தாராம். உள்ளங்கைத் தோலும் முழங்கால் தோலும் உரிந்திருந்தன. "வண்டி பழசு, தம்பிகளா. நீங்கள் பாடுபட்டுச் செய்தும் அது கேட்கவில்லை" என்று எமக்கே ஆறுதல் கூறினார். அச்சொல் எம்மைச் சுட்டது. எனினும் அப்பொழுதும் வாய் திறந்திலம்.

இரவு நெடுநேரம் உறக்கம் வரவில்லை. விடிந்தால் அவ்வண்டியிலேயே அவ்விறக்கத்தில் அவர் மீண்டுஞ் செல்வர் என்னும் எண்ணம் எம்மை எழுப்பிற்று. நள்ளிரவில் வாயிலுக்குச் சென்று நடந்தவையனைத்தையும் சொன்னோம். அவர் சிறிதுபோது பேசாதிருந்தார். பின்பு, "முன்னமே சொல்லியிருந்தால் தள்ளிக்கொண்டே போயிருப்பேனே, தம்பி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலையில் யாமே வண்டியைக் கடைக்குத் தள்ளிச் சென்றோம். கடைக்காரர் எக்கருவியையும் எடுத்திலர். முதலிற் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தார். வால்வின் வாயில் ஈரவிரலை வைத்துப் பார்த்தார். மிதிகட்டையின் எழுத்தைத் துடைத்துப் பார்த்தார். வளையத்தை விரலாற் தடவி முகர்ந்தும் பார்த்தார். இடப்பக்கத்து மிதிகட்டையைப் பெரிய ஸ்பானரால் வலமாகத் திருப்பக் கழன்றது. வளையங்களைச் சவர்க்கார நீராற் கழுவி உலர்த்தி, எண்ணெய் ஊறிய பிரேக் கட்டைகளை மாற்றினார். டியூபும் மிதிகட்டையும் புதியன இட்டார். யாம் மிச்சப்படுத்த நினைந்த தொகையினும் மிகுதியாகச் செலவாயிற்று. அதனை மூவரும் பகிர்ந்து கொடுத்தோம். அண்ணாச்சியின் உள்ளங்கைக்கு விலை கொடுக்க எம்மால் இயலவில்லை.

இத்தொழிலினின்று உயர்ந்த இருவர் வரலாறும் ஈண்டு நினைக்கத்தக்கது. அமெரிக்க நாட்டு டேட்டன் நகரில் ரைட் உடன்பிறந்தார் 1892ஆம் ஆண்டில் மிதிவண்டி விற்றலும் பழுது பார்த்தலுமாகிய தொழிலைத் தொடங்கினர். 1903ஆம் ஆண்டு இறுதியில் கிட்டி ஹாக் என்னும் ஊரருகே தம் வானூர்தியைச் சோதித்தபோது, சுழல்விசிறிகளின் குழாய்த் தண்டுகள் பழுதுற்றன. செப்பஞ் செய்த பின்னும் மீண்டும் வெடிப்புக் கண்டது. இளையவராகிய ஆர்வில் டேட்டனுக்குத் திரும்பிச் சென்று, உள்ளீடுடைய எஃகுத் தண்டுகள் செய்து கொணர்ந்தார். டிசம்பர் 14ஆம் நாள் மூத்தவராகிய வில்பர் செலுத்தினார். ஊர்தியை விரைந்து மேல்நோக்கித் திருப்பியமையால் அது தரையில் வீழ்ந்து சிதைந்தது. அன்றே வீட்டிற்கு எழுதிய மடலில், அது தம் கணிப்பில் நேர்ந்த பிழை என ஒளியாது எழுதினார் வில்பர். பிழை இன்னதென அறிந்தமையால் திருத்தமும் எளிதாயிற்று. டிசம்பர் 17ஆம் நாள் ஆர்வில் 12 வினாடியில் 120 அடி தூரம் பறந்தார்.

இனித் தம் வண்டியைத் தாமே செப்பஞ் செய்ய விழையும் மாணவர்க்குச் சில கூறி முடிப்போம். காற்று இறங்கின் முதலில் வால்வை நோக்குக. டியூபில் ஓட்டை காணின், அதனை ஒட்டுமுன் டயரின் உட்புறத்தைத் தடவி, தைத்த முள்ளை எடுத்துவிடுக. இன்றேல் அம்முள் மீண்டுந் துளைக்கும். மிதிகட்டைகள் இரண்டும் வண்டியின் முன்புறம் நோக்கித் திருப்ப இறுகும், பின்புறம் நோக்கித் திருப்பக் கழலும் என்பதை நினைவிற் கொள்க. சங்கிலிப் பூட்டின் மூடிய முனை, சங்கிலி ஓடுந் திசையை நோக்கியிருத்தல் வேண்டும். எண்ணெய் சங்கிலிக்கு உரியது. பிரேக் பற்றுமிடத்திற்கு ஆகாது. செய்து முடித்தபின் தாமே முதலில் ஏறி, மெல்ல ஓட்டிப் பார்த்து, ஐயம் ஒன்று இருப்பினும் வண்டிக்குரியவர்க்கு அப்பொழுதே சொல்லுக.

இவற்றுள் இறுதியிற் கூறியதே தலையாயது. டியூபின் துளையும் மழுங்கிய அச்சும் நகைப்பிற்குரியன. அவற்றை நினைந்து யாமே இன்று நகைக்கின்றோம். பிரேக்கைப் பற்றி வாய் திறவாதிருந்த அச் சனிக்கிழமை மாலையை நினைந்து நகைக்க எம்மால் இயலவில்லை. அண்ணாச்சி இன்றும் அவ்வண்டியில் வருகின்றார். வாயிலில் எம்மைக் கண்டால் பிரேக்கை ஒருமுறை பிடித்துக் காட்டிப் புன்னகை செய்வர். யாமும் வணங்கி அகல்வோம்.