ஆஸ்திரேலியா கிளம்பும் நர்ஸ் பிள்ளைக்கு, வண்டன்மேட்டிலிருந்து

புற்றடி ஏலத்தில் ஏலக்காய் எடுக்க வரும் வியாபாரியைக் கவனித்திருக்கிறாயா? மாதிரிக் காயை உள்ளங்கையில் போட்டு உருட்டுவார். ஒன்றை நகத்தால் பிளந்து உள்ளே ஏலரிசி எப்படி இருக்கிறதென்று பார்ப்பார், முகர்வார். அதற்குப் பிறகுதான் விலை கேட்பார். தோட்டக்காரர் நல்லவர், கஷ்டப்பட்டு வளர்த்தார் என்பதெல்லாம் அங்கே செல்லாது.

வார்டிலேயே வயதானவள் நான். இந்த மலையில் ஏலக்காட்டு லயத்தில் பிறந்து நர்சிங் முடித்த பிள்ளைகள் என்னிடம் வந்து முதலில் கேட்பது, “அத்தை, ஆஸ்திரேலியா போக எவ்வளவு ஆகும்?” என்றுதான். கேட்க வேண்டியது அதுவல்ல. “அவர்கள் என்னிடம் எதைப் பிளந்து பார்ப்பார்கள்?” என்று கேள். சொல்கிறேன்.

1. பதிவு வேறு, விசா வேறு. நர்ஸாகப் பதிவு தருவது ஆப்ரா என்ற ஆஸ்திரேலிய அமைப்பும் அதனுடன் இயங்கும் செவிலியர் வாரியமும். 2010-லிருந்து நாடு முழுவதற்கும் ஒரே பதிவேடு. பெர்த்தில் செல்லுவது சிட்னியிலும் செல்லும். விசா தருவது உள்துறை. திறன் விசாவுக்குப் போகிறவர்கள் ஆன்மாக் என்ற அமைப்பிடம் தனியாகத் தகுதி மதிப்பீடும் வாங்க வேண்டும். “விசா எடுத்துத் தருகிறேன், பதிவை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்” என்று ஒருவர் சொன்னால், காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடு.

2. காசில்லாத சோதனையை முதலில் செய். ஆப்ரா இணையதளத்தில் சுயபரிசோதனை இருக்கிறது, இலவசம். உன் படிப்பைக் கேட்டு ஏ, பி, சி என்று ஒரு வழியில் நிறுத்தும். இந்தியாவில் பி.எஸ்சி. நர்சிங் படித்தவர்கள் பெரும்பாலும் பி வழி, அதாவது பரீட்சை எழுதும் வழி. ஆப்ரா எதிர்பார்ப்பது பட்டப்படிப்பு. ஜி.என்.எம். மட்டும் முடித்தவள் என்றால், போஸ்ட் பேசிக் பி.எஸ்சி.யை முடித்துவிட்டு இந்தப் பேச்சை எடு. இரண்டு வருஷம் போகிறதே என்று அழாதே; நட்ட ஏலச்செடிகூட மறுநாளே காய்ப்பதில்லை.

3. பெயரைச் சரி செய். நம் பிள்ளைகளுக்கு இனிஷியல்தான் கண்டம். எஸ்.எஸ்.எல்.சி.யில் பெயருக்குப் பின்னால் இனிஷியல், கல்லூரிச் சான்றிதழில் முன்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. லதா என்ற பெயரை ஆங்கிலத்தில் ஒரு இடத்தில் ‘ஹெச்’ போட்டும் இன்னொரு இடத்தில் போடாமலும் எழுதியிருப்பார்கள். நமக்கு அது ஒரே லதா. கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்கு மூன்று பேர். எல்லாக் காகிதத்தையும் வரிசையாகப் பாயில் பரப்பி, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார். திருத்த முடிந்ததைத் திருத்து. முடியாததற்கு எல்லாப் பெயரும் ஒருவருடையதே என்று நோட்டரியிடம் அஃபிடவிட் வாங்கு. பரீட்சைக்குப் பெயர் கொடுப்பது இதற்குப் பிறகுதான்.

4. இரண்டு மாநிலக் காகிதத்தையும் கட்டி வை. நமக்கு வீடு கேரளம், படிப்பு தேனியிலோ மதுரையிலோ. பதிவு சென்னைக் கவுன்சிலில். வேலைக்காக மறுபடி திருவனந்தபுரத்தில். பதிவு செய்த கவுன்சில் உன்னைப் பற்றிச் சான்று தர வேண்டியிருக்கும், அதற்கு மாதக்கணக்கில் அலைச்சல் உண்டு. வேலை விட்ட இடத்திலெல்லாம் தேதி, வார்டு, முழுநேரமா பகுதிநேரமா என்று எழுதிய அனுபவச் சான்றிதழ் வாங்காமல் வெளியே வராதே. கடைசி ஐந்து வருஷத்தில் 450 மணி நேரமாவது நர்ஸாக வேலை பார்த்திருக்க வேண்டும் என்பது ஆஸ்திரேலிய வாரியத்தின் விதி. ஒரிஜினலை எந்த ஆஸ்பத்திரிக்கும் பிணையாகக் கொடுக்காதே. இளமையில் நான் கொடுத்தேன். திரும்ப வாங்க இரண்டு வருஷம் நடந்தேன்.

5. ஆங்கிலத்துக்கு வெட்கப்படாதே, வார்த்தையை விழுங்காதே. ஓஇடி அல்லது ஐஇஎல்டிஎஸ் எழுதலாம். ஐஇஎல்டிஎஸ்ஸில் கேட்டல், வாசித்தல், பேசுதல் ஒவ்வொன்றிலும் 7, மொத்தத்திலும் 7. எழுத்துக்கு மட்டும் 2025-ல் 6.5 என்று தளர்த்தியிருக்கிறார்கள். ஓஇடி நம் தொழிலை ஒட்டியது: நோயாளியிடம் பேசுவது போல ஒரு பேச்சு, இன்னொரு இடத்துக்கு நோயாளியை அனுப்பும் கடிதம். நம் பிள்ளைகள் தோற்பது இலக்கணத்தில் அல்ல. பாதி வாக்கியத்தில் குரல் இறங்கி “அவ்வளவுதான் மேடம்” என்று முடித்துவிடுவதில். டியூட்டி மாறும்போது ஹேண்ட்ஓவரை ஆங்கிலத்தில் சொல்லிப் பழகு. பக்கத்தில் நிற்பவள் சிரித்தால் சிரிக்கட்டும்.

6. என்கிளெக்ஸ் மனப்பாடத்துக்கு மசியாது. பி வழியில் முதலில் எழுத வேண்டிய இது, அமெரிக்கா போகிறவர்கள் எழுதும் அதே பரீட்சைதான். கணினி உன் பதிலைப் பார்த்து அடுத்த கேள்வியைத் தேர்ந்தெடுக்கும். குறைந்தது 85 கேள்வி, அதிகம் 150, ஐந்து மணி நேரம். சென்னையில் எழுதலாம். நோயின் அறிகுறி என்ன என்று கேட்காது. நாலு நோயாளி இருக்கிறார்கள், முதலில் யாரிடம் போவாய் என்று கேட்கும். புத்தகம் இதில் பாதிதான்; மீதி, ராத்திரி டியூட்டியில் நீ கண்ணைத் திறந்து வைத்திருந்தாயா என்பது.

7. அடிலெய்டில் உன் கையைப் பார்ப்பார்கள். என்கிளெக்ஸ் தேறிய பிறகு ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வு. அடிலெய்டுக்கு நேரில் போக வேண்டும். கட்டணம் மட்டும் 4,000 ஆஸ்திரேலிய டாலர் அளவில் ஆகும், டிக்கெட்டும் தங்கலும் தனி. வியாபாரி காயைப் பிளக்கும் இடம் இதுதான். நம் வார்டில் எப்படி மருந்து கொடுக்கிறோம்? “ஆறாம் பெட்டுக்கு ஆன்டிபயாடிக்” என்று குரல் கேட்கும், போய்ப் போடுவோம். அங்கே பெட் நம்பர் அடையாளமே அல்ல. கை கழுவு, உன் பெயரைச் சொல், முழுப் பெயரும் பிறந்த தேதியும் அவர் வாயால் சொல்லட்டும், கைப்பட்டையோடும் மருந்துச் சீட்டோடும் ஒப்பிடு, அலர்ஜி கேள், சம்மதம் கேள், அதற்குப் பிறகுதான் ஊசி. ஊசி அழகாகப் போட்டும் இதில் ஒன்றை விட்டுத் தோற்றவர்கள் உண்டு.

8. வேறு நாட்டில் இருக்கிறாயா, கணக்குப் பார். பிரிட்டன், அயர்லாந்து, அமெரிக்கா, சிங்கப்பூர் போன்ற சில நாடுகளில் பதிவுபெற்று, 2017 முதல் 1,800 மணி நேரமாவது வேலை செய்தவர்களுக்கு 2025 முதல் என்கிளெக்ஸும் ஆஸ்கியும் இல்லை. வளைகுடா அனுபவம் இந்தக் கணக்கில் சேராது. அயர்லாந்தில் உனக்கு அக்கா யாராவது இருந்தால் இதைச் சொல்லிவிடு.

9. நகை அடகுக்குப் போகும் முன் நின்று யோசி. இந்தியாவில் பதிவுபெற்ற ஆள்சேர்ப்பு முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். உரிமம் உண்டா என்று அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார். ஆஸ்திரேலிய விசா ஆலோசகர் என்றால் அந்நாட்டுப் பதிவு எண்ணைக் கேள். வேலை தருபவர் ஸ்பான்சர் செய்யக் காசு வாங்குவது 2015 டிசம்பரிலிருந்து அங்கே குற்றம். கொடுப்பதும் சட்டத்துக்குப் புறம்பு; கொடுத்தவளும் தப்ப முடியாது. அதே 2015-ல் கொச்சியில், குவைத் வேலைக்கு 19,500 ரூபாய் வாங்க வேண்டிய இடத்தில் நர்ஸ்களிடம் பத்தொன்பதரை லட்சம் வாங்கியதாக சிபிஐ வழக்குப் போட்டது. அந்த லட்சங்கள் எத்தனை வீட்டுத் தாலிக்கொடி என்று நினைத்துப் பார்.

10. போன பிறகு கைகட்டி நிற்காதே. அங்கே டாக்டரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். மருந்தளவு தப்பென்று பட்டால் வாயைத் திறந்து கேட்பது உன் கடமை, அதிகப்பிரசங்கித்தனம் அல்ல. விக்டோரியா மாநிலத்தில் ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளி என்று சட்டமே வைத்திருக்கிறார்கள். முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தால் ‘ஆயா வேலை’ என்று முகம் சுளிக்காதே. 2023 ஜூலை முதல் அங்கே 24 மணி நேரமும் ஒரு பதிவுபெற்ற நர்ஸ் இருந்தாக வேண்டும். ராத்திரி அந்த இல்லத்துக்கே பொறுப்பு நீதான்.

கட்டணமும் விதியும் மாறும். பணம் கட்டும் அன்று ஆப்ரா தளத்தில் நீயே வாசித்துப் பார், யார் சொன்னதையும் நம்பாதே, என்னையும் சேர்த்துத்தான். விண்ணப்பத்தை அடுத்த மாதம்கூடப் போடலாம். இன்றைக்கு டியூட்டிக்குப் போனதும், ஆறாம் பெட்டில் படுத்திருப்பவரின் பெயரைக் கேட்டுவிட்டு ஊசி போடு.