பக்கத்துப் பக்கத்து நாற்காலி

எங்கள் தோட்ட லயத்தில் அம்மா உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. மலையிலிருந்து இறங்கி வந்த கையோடு மாவைப் பிசைந்து ரொட்டி தட்டுவார். கல்லிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு ரொட்டியும் அப்பாவின் தட்டுக்கோ எங்கள் தட்டுக்கோ போகும். எல்லோரும் கை கழுவிய பிறகு, ஆறிப்போன கடைசி ரொட்டிதான் அவர் பங்கு. கல்யாணமாகி ஒன்பது வருடமாக என் வீட்டிலும் அதுவேதான் நடந்துகொண்டிருந்தது. அதை நான் கண்டுகொண்டது எங்கள் ஊரான தலவாக்கலையில் இல்லை, கொழும்பில் ஒரு சுஷிக் கடையில்.

புருஷனும் பெண்சாதியும் பிள்ளைகளை விட்டுவிட்டு, ஒரு நல்ல சாப்பாட்டுக்கென்றே கிளம்புவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. கிளம்ப நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சுஷி ஆசை என் மனைவியுடையது. அவள் முன்பள்ளி ஆசிரியை. போனில் பார்த்த ஏதோ ஒரு தொடரில் அந்தச் சின்னச் சின்னச் சோற்று உருண்டைகளைப் பார்த்து மயங்கிவிட்டாள். எனக்கு ஜப்பான் என்றால் அணைக்கட்டுதான். ஜப்பானியக் கடனில் மேல் கொத்மலைத் திட்டம் எங்கள் ஊரில் எழுந்தபோது நான் உயர்தர மாணவன். ஊரின் ஒரு பகுதி இடம்பெயர்ந்தது, சென் கிளேயர் அருவி மெலிந்தது, 2012இல் 150 மெகாவாட் மின்சாரம் கிடைத்தது. அந்த நாட்களில் ஜப்பானியப் பொறியியலாளர்கள் பஸாரில் நின்று லீக்ஸ் கட்டுகளைப் புரட்டிப் பார்ப்பதை நாங்கள் வேடிக்கை பார்த்திருக்கிறோம். இரவில் அவர்கள் என்ன சாப்பிடுவார்கள் என்று யோசித்ததில்லை.

முதல் தடவை சுஷி எங்களுக்குச் சரிவரவில்லை. உறவுக்காரர் ஒருவரின் திருமணத்துக்காகக் கொழும்பு போயிருந்தோம். விருந்து நடந்த ஹோட்டலில் புஃபே மேசை ஓரத்தில் சுஷியும் இருந்தது. எவ்வளவு நேரம் அங்கே இருந்ததோ, சோறு விறைத்துக் கிடந்தது. பக்கத்தில் பச்சையாக ஒரு குவியல். மல்லிச் சட்னி என்று நினைத்து அவள் ஒரு கரண்டி அள்ளி வாயில் வைத்துவிட்டாள். அது வசாபி. கண்ணும் மூக்கும் ஒழுக, பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்க, தட்டை நகர்த்தி வைத்தவள் அன்றிரவு எதையும் தொடவில்லை. யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. நாங்களும் கேட்கவில்லை; கேட்டால் தோட்டத்துக்காரர்கள் என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம். அவள் பட்டினி கிடந்ததற்குக் காரணம் வசாபி அல்ல, அந்தக் கூச்சம்தான். இரண்டு வருடம் அது என் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது.

அடுத்து என்ன செய்தோம் என்று சொல்கிறேன்.

முதலில் காசு. நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆவதற்கு 2021 வரை போராடிய சனம் நாங்கள். 2024 செப்டம்பரில்தான் அது 1,350 ஆனது. கொழும்பில் ஒரு வேளைச் சுஷிக்குக் கொடுக்கும் காசில் எத்தனை பேர் இருக்கிறது என்று மனம் கணக்குப் போடாமல் இருக்காது. பேர் என்றால் தோட்டத்தில் ஒரு முழுநாள் உழைப்பு. அந்த உறுத்தலோடு மேசையில் உட்கார்ந்தால் சாப்பாடு இறங்காது. அதனால் மாதம் 2,500 ரூபாய்ச் சீட்டு ஒன்று போட்டோம், பத்து மாதம். வீட்டுச் செலவிலிருந்து ஒரு சதமும் எடுக்கவில்லை. எதற்கு என்பதை அம்மாவிடமும் மறைக்கவில்லை. "போய்ட்டு வாங்கப்பா, புள்ளைகள நான் பாத்துக்கிறேன்" என்றார். ஒளித்துச் செய்திருந்தால் அந்த வார்த்தை கிடைத்திருக்காது.

நாள் பார்ப்பதும் முக்கியம். வெள்ளிக்கிழமை என் மனைவி மீன் தொடமாட்டாள். கார்த்திகை, மார்கழியில் வீட்டில் யாராவது மாலை போட்டிருந்தால் அதையும் பார்க்க வேண்டும். கிறிஸ்மஸுக்கு முந்திய இரவு ஜப்பானில் காதலர்கள் சேர்ந்து சாப்பிடும் இரவு. இங்கும் அன்று நல்ல கடைகளில் இடம் கிடைப்பது கஷ்டம். நாங்கள் 2024 டிசம்பர் 21, சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தோம். தலவாக்கலையிலிருந்து கொழும்புக் கோட்டைக்கு ரயிலில் ஆறு மணி நேரம் பிடித்தது. கடுகண்ணாவை வளைவுகளில் குலுங்கி, கீழே இறங்கி வெக்கையில் வெந்த வயிற்றோடு அன்றே பச்சை மீன் சாப்பிடப் போகாதீர்கள். முதல் நாளே போய் வெள்ளவத்தையில் ஒரு லாட்ஜில் தங்கினோம்.

கடை? கொழும்பில் ஜப்பானியச் சாப்பாடு என்றதும் பலரும் சொல்வது நிஹொன்பாஷி. இலங்கைத் தகப்பனுக்கும் ஜப்பானியத் தாய்க்கும் பிறந்த தர்ஷன் முனிதாச 1995இல் தொடங்கியது. எங்கள் சீட்டுக்கு ஏற்றது கொள்ளுப்பிட்டிப் பக்கம் இருந்த சின்னக் கடை ஒன்று. போகும் முன் தொலைபேசியில் இரண்டு கேள்வி கேட்டேன். கவுண்டரில், செஃப்புக்கு முன்னால் உட்கார இடம் உண்டா? மெனுவில் உள்ள விலையில் வரி சேர்ந்திருக்கிறதா? இரண்டாவதை யாரும் மறக்க வேண்டாம். பல இடங்களில் விலைக்கு மேலே 10 வீதம் சேவைக் கட்டணம், அதற்கு மேலே 18 வீதம் வற் வரி. 12,000 என்று நினைத்துச் சாப்பிட்டால் பில் 15,000ஐத் தாண்டி நிற்கும். மகிழ்ச்சியெல்லாம் அந்த இடத்தில் போய்விடும்.

கவுண்டர் என்று நான் கேட்டதற்குக் காரணம் ஒன்றுதான்: செய்கிறவரிடம் நேராகப் பேசலாம். மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தால் நடுவே மெனு அட்டை, பரிமாறுபவர், அவர் அவசரம். கவுண்டரில் பக்கத்துப் பக்கத்தில் தோள் உரச உட்கார்ந்தோம். உட்கார்ந்ததும் சிங்களத்தில் சொன்னேன்: "சுஷிக் கடைக்கு நாங்க வர்றது இதுதான் முதல் தடவை. எப்படிச் சாப்பிடணும்னு சொல்லித் தாங்க." அந்த மனிதர் கத்தியைக் கீழே வைத்தார். ஈரத்துணியில் கையைத் துடைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் நிமிர்ந்து பார்த்தார். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் அவர் எங்களுக்கு வாத்தியார்.

அவர் சொன்னவை பெரும்பாலும் எங்களுக்குச் சாதகமாகவே இருந்தன. சோற்றின் மேல் மீன் துண்டு வைத்த நிகிரியைக் கையால் எடுத்துச் சாப்பிடலாம், ஜப்பானிலும் அப்படித்தான். குச்சியோடு மல்லுக்கட்டப் போகிறோம் என்ற பயம் அதோடு போயிற்று. சோயா சோஸில் சோற்றை முக்கக் கூடாது, உதிர்ந்துவிடும். கவிழ்த்து, மீன் பக்கத்தை மட்டும் தொட வேண்டும். மீனுக்கும் சோற்றுக்கும் நடுவில் அவரே வசாபி தடவிவிடுகிறார், நாம் சேர்க்கத் தேவையில்லை. உண்மையான வசாபிக் கிழங்கு குளிர்ந்த ஓடைத் தண்ணீரில் வளர்வது, விலை கூடியது. பெரும்பாலான இடங்களில் கிடைப்பது கடுகு வகையைச் சேர்ந்த வேறொரு கிழங்கின் பொடி. கடுகும் பச்சை நிறமும் சேர்த்தது. இரண்டின் காரமும் மிளகாய் போல நாக்கில் தங்காது, மூக்குக்கு ஏறிச் சில நொடியில் அடங்கிவிடும். ஊறவைத்த இஞ்சி ஒரு மீனுக்கும் அடுத்த மீனுக்கும் நடுவில் வாயைச் சுத்தம் செய்ய. குச்சியைச் சோற்றில் நட்டு நிறுத்துவதும், குச்சியிலிருந்து குச்சிக்குச் சாப்பாட்டை மாற்றுவதும் அவர்களுக்குச் சாவு வீட்டுச் சடங்கை நினைவுபடுத்தும். ஒருவருக்கொருவர் ஊட்டிவிட ஆசை என்றால் கையால் ஊட்டுங்கள்.

முதல் ஜோடி நிகிரி வந்தது. கெலவல்லா மீன். எங்கள் பஸாருக்கு ஐஸ் பெட்டியில் வந்து, கொறக்காய் போட்டு அம்புல் தியலாகும் அதே மீன். இங்கே கத்தியின் ஒரே இழுப்பில் வெட்டிய செந்நிறத் துண்டு, விளக்கு வெளிச்சத்தில் ஈரமாக மின்னியது. நான் எடுத்து வாயில் போட்டேன். அவள் தன்னுடையதைத் தொடாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சாப்பிட்டு, நல்லா இருக்கு என்று சொன்ன பிறகு தொடலாம் என்று.

செஃப் அதைப் பார்த்துவிட்டார். "நோனா, இப்பவே" என்றார். சோறு உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும், நேரம் போனால் இறுகிவிடும், கடற்பாசித் தாள் சுற்றியது நமத்துப் போகும், அதனால் வைத்த உடனே சாப்பிட வேண்டும் என்று விளக்கினார். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் இரண்டு துண்டை ஒரே நேரத்தில் வைத்துவிட்டு, அவள் எடுக்கும்வரை அவளையே பார்த்துக்கொண்டு நிற்பார். அவள் எடுத்தாள். நானும் எடுத்தேன். இரண்டு பேர் வாயிலும் ஒரே சமயத்தில் ஒரே ருசி. பாதி மென்றபடி அவள் என் பக்கம் திரும்பினாள், கண் விரிந்திருந்தது. ஒன்பது வருடத்தில் அவள் முதல் வாய் சாப்பிடும்போது நான் அவள் முகத்தைப் பார்த்ததே இல்லை.

மிசோ சூப் வந்தது. ஒரு வாய் குடித்தவள் கிண்ணத்தை வைத்துவிட்டு, "என்னங்க, இதுல மாசி போட்டிருக்காங்க" என்றாள். நான் நம்பவில்லை. செஃப்பிடம் கேட்டோம். அவர் உள்ளே போய் மரக்கட்டை போல இருந்த ஒன்றை எடுத்து வந்து எங்கள் கையில் தந்தார். கட்சுவோபுஷி என்று பெயர். பலயா மீனை அவித்து, புகைபோட்டு, கட்டையாகும்வரை காயவைத்தது. எங்கள் மாலைதீவு மாசியும் அதே பலயாவை அவித்துப் புகைபோட்டுக் காயவைத்ததுதான். நாம் இடித்துச் சம்பலில் போடுகிறோம். அவர்கள் இழைப்புளியில் சீவி, கடற்பாசியோடு கொதிநீரில் போட்டுச் சாறு எடுக்கிறார்கள். தன் நாக்கு சரியாகச் சொன்னதில் அவளுக்கு வந்த சந்தோஷத்தை எழுத எனக்கு வரவில்லை. புஃபே மேசையில் குனிந்த தலை நிமிர்ந்தது.

தேநீரிலும் அப்படித்தான். பச்சைத் தேநீரை மோந்து பார்த்தவள், "வதங்காத கொழுந்து வாசம்" என்றாள். சரிதான். ஜப்பானில் பறித்த கொழுந்தை உடனே ஆவியில் காட்டிவிடுகிறார்கள். பச்சை நிறமும் வாசமும் அப்படியே நின்றுவிடும். நம் பெக்டரிகளில் வாடவைத்து, அரைத்து, காற்றில் நிறம் மாறவிட்டுத்தான் சூடு காட்டுகிறோம். 1925இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருப்பது எங்கள் ஊர் சென் கூம்ஸ் தோட்டத்தில். அந்தக் கவுண்டரில் தேயிலை பற்றிப் பேச எங்களுக்கும் நிறைய இருந்தது. செஃப் ஆவலாகக் கேட்டார்.

ஒரு எச்சரிக்கை. ஊருக்குத் திரும்பி, பஸார் மீனை வாங்கிப் பச்சையாகச் சுஷி செய்து பார்க்காதீர்கள். பச்சையாகச் சாப்பிடும் மீனில் புழு சாக வேண்டுமானால் மைனஸ் 20 பாகையில் ஏழு நாள் உறைய வைக்க வேண்டும். வீட்டு ஃப்ரிட்ஜை நம்ப முடியாது. கெலவல்லாவும் பலயாவும் வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற நஞ்சு ஊறும், பிறகு சமைத்தாலும் அது போகாது. வயிற்றுப் பிள்ளைக்காரி என்றால் பச்சை மீனே வேண்டாம். அவித்த இறால், முட்டை, வெள்ளரிக்காய் சுஷிகள் உண்டு. மதுவை விலக்குபவர்கள் முன்பே சொல்லிவிடுங்கள், சில சோஸ்களில் அரிசி மது சேரும்.

பில் வரியோடு 16,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. பன்னிரண்டு பேர். சீட்டுக் காசு என்பதால் கை நடுங்கவில்லை. காலிமுகத்திடலில் கடல்காற்றில் அரை மணி நேரம் நடந்தோம். பிள்ளைகளைப் பற்றித்தான் பேசினோம், வேறென்ன.

இப்போது ஞாயிறு இரவுகளில் எங்கள் வீட்டில் ரொட்டிக் கல்லுக்கு முன்னால் நிற்பது நான். முதல் ரொட்டி அம்மாவுக்கு, இரண்டாவது அவளுக்கு, கட்டச்சம்பலோடு, கல்லிலிருந்து நேராகத் தட்டுக்கு. ஆரம்பத்தில் இரண்டு பேரும் சாப்பிடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இப்பவே" என்று சொல்ல வேண்டியிருந்தது.

புதுச் சீட்டு ஒன்று தொடங்கியிருக்கிறோம். இந்த முறை அம்மாவும் வர வேண்டும் என்று என் மனைவி பிடிவாதமாக இருக்கிறாள். அம்மா நெடுநேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "பச்ச மீனெல்லாம் வேணாந்தாயி. அந்த மாசித் தண்ணி மட்டும் ஒரு கோப்ப வாங்கிக் குடு."