நிலக்கரிக்கு விடை: ஐந்து நம்பிக்கைகளும் உண்மைகளும்

அனல் மின்சாரத்தை விட்டுவிட்டுக் காற்றுக்கும் சூரியனுக்கும் மாறலாம் என்று பேச்செடுத்தால் டீக்கடையிலும் டி.வி. விவாதத்திலும் ஒரே வாதங்கள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. சில முழுத் தவறு. சில பாதி சரி. ஆளைக் குழப்புவது அந்தப் பாதி சரியானவைதான்.

நம்பிக்கை 1: பொழுது சாய்ந்தால் சோலார் இல்லை, காற்று நின்றால் காற்றாலை இல்லை. இதை நம்பி இருக்க முடியாது.

பாதி சரி. தமிழ்நாட்டுக் காற்று சீசன் மே முதல் செப்டம்பர் வரை. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய்களில் புகுந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று அடங்கியதும் உற்பத்தி மளமளவெனக் குறைந்துவிடும். சோலாருக்கு உச்சம் நண்பகல். வீடுகளில் விளக்கும் ஃபேனும் டி.வி.யும் ஒருசேர ஓடுவதோ இரவு ஏழு மணிக்கு. இந்த இடைவெளிக்குச் சேமிப்பு வேண்டும். அந்த வித்தை நமக்குப் புதிதல்ல. ஆனைமலையில் காடம்பாறை நீரேற்று மின் நிலையம் 1980களின் இறுதியிலிருந்து இதைத்தான் செய்கிறது. மின்சாரம் மிஞ்சும்போது கீழ் அணைத் தண்ணீரை மேலணைக்கு ஏற்றும். தேவை கூடும்போது அதே தண்ணீரை இறக்கி 400 மெகாவாட் வரை தரும். இப்படிப்பட்ட நிலையங்களும் பேட்டரிகளும் இன்னும் நிறைய வேண்டும்.

நம்பிக்கை 2: ஒரு பேனலைச் செய்யச் செலவாகும் மின்சாரத்தை அது ஆயுளுக்கும் திருப்பித் தராது.

தவறு. நம் ஊர் வெயிலில் அந்தக் கணக்கு ஒன்றிரண்டு ஆண்டுகளில் நேராகிவிடும். பேனலின் ஆயுளோ 25 ஆண்டுக்கு மேல்.

நம்பிக்கை 3: என்ன சொன்னாலும் நிலக்கரிதான் மலிவு.

ஒரு காலத்தில் சரி. 2015-ல் கமுதி சோலார் மின்சாரத்துக்கு யூனிட் 7 ரூபாய் 1 காசு என ஒப்பந்தம் போடப்பட்டது. இரண்டே ஆண்டில், ராஜஸ்தானின் பட்லாவில் ஏலம் 2 ரூபாய் 44 காசுக்கு இறங்கியது. நம் அனல் நிலையங்களுக்கு ஒடிசாவின் தால்சேர் நிலக்கரி ரயிலேறிப் பாரதீப் துறைமுகம் வந்து, அங்கிருந்து கப்பலில் எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் வருகிறது. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எரிந்தபின் மிஞ்சும் வெறும் சாம்பல். அதற்கும் சேர்த்துத்தான் கூலி கொடுக்கிறோம். அந்தச் சாம்பல் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் இறால் பாடு குறைந்துபோன மீனவர்களின் நஷ்டம் எந்த மின் கட்டண ரசீதிலும் ஏறுவதில்லை. சோலாரிலும் ஒன்றை மறைக்கக் கூடாது: சேமிப்புச் செலவைச் சேர்த்தால் இரவு யூனிட்டின் விலை பகல் விலையைவிடக் கூடும்.

நம்பிக்கை 4: எந்தப் பெரிய நாடும் நிலக்கரியை முழுதாக நிறுத்தியதில்லை.

பிரிட்டன் நிறுத்திவிட்டது. 1882-ல் லண்டனின் ஹோல்பர்னில் நிலக்கரி மின்சாரத்தைத் தொடங்கிய அதே நாடு, 2024 செப்டம்பர் 30 அன்று தன் கடைசி நிலக்கரி மின் நிலையமான ராட்கிளிஃபை மூடியது. 2012-ல்கூட அந்நாட்டின் மின்சாரத்தில் சுமார் 40 சதவீதம் நிலக்கரியிலிருந்துதான் வந்தது. விட்ட இடத்தைக் காற்றாலைகளோடு இயற்கை எரிவாயுவும் நிரப்பியது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நம்பிக்கை 5: நிலக்கரியை மூடினால் வேலை போகும் என்பார் ஒருவர், பசுமை வேலைகள் தானாக வந்து ஈடுகட்டும் என்பார் இன்னொருவர்.

இருவரும் பாதி சரி. 648 மெகாவாட் கமுதி நிலையத்தைச் சுமார் எட்டே மாதத்தில் எழுப்ப 8,500 பேர் உழைத்தார்கள். கட்டி முடித்ததும் கூட்டம் கலைந்தது. பேனல்களைத் துடைப்பதே ரோபோக்கள்தான். சோலார் வேலைகளில் பெரும்பகுதி கட்டும்போதுதான். ஓட்டும்போது கொஞ்சம் பேர் போதும். நிலையான வேலை ஆலைகளில் உண்டு: கங்கைகொண்டானிலும் ஸ்ரீபெரும்புதூர் பக்கமும் சோலார் பேனல் செய்கிறார்கள். ஆனால் தூத்துக்குடி அனல் நிலையத்தில் கன்வேயர் பெல்ட்டின் கீழ் கரி அள்ளும் ஐம்பது வயது ஒப்பந்தத் தொழிலாளிக்கு அந்த ஆலை வேலை கிடைக்குமா? எலக்ட்ரீஷியனும் வெல்டரும் கொஞ்சம் பயிற்சியோடு மாறிவிடலாம். கரி அள்ளுபவரால் முடியாது. நிரந்தர ஊழியரை வேறு நிலையத்துக்கு மாற்றலாம். ஒப்பந்தத் தொழிலாளிக்கு மாறுதல் உத்தரவு கிடையாது.

இதிலும் பிரிட்டனே பாடம், இரண்டு விதமாக. 1984-85 நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தோற்றபின் சுரங்கங்கள் அடுத்தடுத்து மூடப்பட்டன. மாற்று ஏற்பாடு இல்லாத சுரங்க ஊர்கள் பல இன்றுவரை தலைநிமிரவில்லை. மின் நிலையங்கள் விஷயத்தில் அப்படி நடக்கவில்லை. நிலக்கரி மின்சாரத்துக்கு முடிவு தேதி வைக்கப்போவதாக 2015-லேயே அரசு அறிவித்துவிட்டதால் எல்லோருக்கும் அவகாசம் இருந்தது.

நம் அனல் நிலையங்களில் பழைய யூனிட்டுகள் என்றைக்கிருந்தாலும் மூடப்படத்தான் போகின்றன. எண்ணூரின் 450 மெகாவாட் நிலையம் 2017-லேயே நின்றுவிட்டது. அடுத்ததை மூட முடிவெடுக்கும்போது தேதியைச் சில ஆண்டுகள் முன்னதாகவே அரசு சொல்லட்டும். ஒப்பந்தத் தொழிலாளர்களின் பெயர்ப் பட்டியலையும், ஒவ்வொருவருக்கும் என்ன வேலை அல்லது என்ன இழப்பீடு என்பதையும் அதே அறிவிப்பில் வெளியிடட்டும்.