வாட்ஸ்அப் சுருக்கங்கள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பணி ஓய்வுக்குப் பிறகு ஸ்மார்ட்போன் வாங்கி, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சேரும் பெரியவர்கள் பலர் முதல் வாரமே திகைத்துப் போகிறார்கள். 'எச்பிடி' (ஹேப்பி பர்த்டே), 'ஓஎம்ஜி', 'எல்ஓஎல்' என்று பேரப்பிள்ளைகள் தட்டிவிடுகிறார்கள். அர்த்தம் கேட்கவோ கூச்சம். அந்தக் கூச்சத்தை வளர்ப்பவை சில தவறான நம்பிக்கைகள்.

நம்பிக்கை: இதெல்லாம் இந்தக் காலத்துப் பிள்ளைகளின் கண்டுபிடிப்பு.

உண்மை: 'ஓ மை காட்' என்பதன் சுருக்கமான ஓஎம்ஜி, 1917 செப்டம்பர் 9 தேதியிட்ட ஒரு கடிதத்திலேயே இருக்கிறது. எழுதியவர், பிரிட்டிஷ் கடற்படையின் தலைமைப் பொறுப்பில் முன்பு இருந்த ஃபிஷர் பிரபு. அப்போது அவருக்கு வயது 76! கடிதம் போனது வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு. புதிதாக ஒரு கௌரவப் பட்டம் வரப்போவதாகக் கேள்விப்பட்டு, ஓஎம்ஜி என்று எழுதி, சர்ச்சிலுக்குப் புரியவேண்டுமே என்று பக்கத்திலேயே விரிவையும் கொடுத்திருக்கிறார்.

நாம் நாளெல்லாம் சொல்லும் 'ஓகே'வும் இப்படிப் பிறந்ததுதான். 1830களின் இறுதியில் பாஸ்டன் பத்திரிகைகளில், சொற்களை வேண்டுமென்றே பிழையாக எழுதிச் சுருக்குவது ஒரு மோகமாக இருந்தது. 'ஆல் கரெக்ட்' என்பதை 'ஓல் கொரெக்ட்' ஆக்கி, 1839 மார்ச்சில் ஓகே என்று அச்சிட்டார்கள்.

நம்பிக்கை: ஒரு சுருக்கத்துக்கு ஒரே அர்த்தம்தான்.

உண்மை: பிரிட்டன் பிரதமராக இருந்த டேவிட் கேமரூனே இதில் இடறினார். எல்ஓஎல் என்றால் 'லாட்ஸ் ஆஃப் லவ்', அதாவது 'நிறைய அன்புடன்' என்று நினைத்து, பத்திரிகை நிர்வாகி ரெபெக்கா ப்ரூக்ஸுக்கு அனுப்பிய குறுஞ்செய்திகள் சிலவற்றை அப்படி முடித்திருக்கிறார். 'வாய்விட்டுச் சிரிக்கிறேன்' என்பதுதான் அதன் அர்த்தம் என்று எடுத்துச் சொன்னதாக, 2012 மே மாதம், பிரிட்டிஷ் பத்திரிகைகளின் நடத்தை பற்றிய லெவிசன் விசாரணையில் ப்ரூக்ஸ் சாட்சியம் அளித்தார். இதே எல்ஓஎல் ஒரு மரணச் செய்திக்குக் கீழே விழுந்தால் என்ன ஆகும்?

'கே' என்ற ஒற்றை எழுத்தும் அப்படித்தான். '10கே' என்றால் பத்தாயிரம். பதிலாகத் தனியே வந்தால் 'சரி'. அந்தச் 'சரி'யில் கோபம் இருக்கிறதா என்பதை, அனுப்பியவரை அறிந்தவரே சொல்ல முடியும்.

நம்பிக்கை: சுருக்கி எழுதும் பிள்ளைகளுக்கு மொழித்திறன் குறையும்.

உண்மை: பிரிட்டனின் கவென்ட்ரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 10 முதல் 12 வயதுப் பிள்ளைகளிடம் நடத்தி, 2009இல் வெளியிட்ட ஆய்வு இந்த அச்சத்துக்கு இடம் தரவில்லை. சுருக்கங்களை அதிகம் கையாண்ட பிள்ளைகள் வாசிப்பில் மேலாகவே இருந்தார்கள். 'கிரேட்' என்பதில் பாதியை 8 என்ற எண்ணால் எழுத, எந்த ஒலி எங்கே வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டுமே!

ஆகவே, புரியாத சுருக்கம் வந்தால் ஊகிக்க வேண்டாம், அனுப்பியவரிடமே கேளுங்கள். இரங்கல், மருத்துவம், பணம் பற்றிய செய்திகளை மட்டும் யாராக இருந்தாலும் முழுச் சொற்களில் எழுதுங்கள்.