வைரம் வாங்குமுன்: அறம் நோக்கிய ஒரு வழிகாட்டி

திருமணம் நிச்சயமான வீடுகளில் வைர நகை பற்றிய முடிவு பெரும்பாலும் மணமக்களின் கையில் இருப்பதில்லை. ஏழு கல் தோடு போடாமல் பெண்ணை அனுப்பினால் சம்பந்தி வீட்டார் முன் தலைகுனிவு என்று பெற்றோர் ஒருபுறம் நெருக்க, தோழியர் அணியும் ஒற்றைக்கல் மோதிரம் மறுபுறம் ஆசை காட்ட, கல்லின் எடையும் விலையும் பேசப்படுகின்றனவே தவிர, அக்கல் யார் யார் கைகளைக் கடந்து வந்தது என்பது பேசப்படுவதே இல்லை. படித்த இளைஞர் சிலர் இக்கேள்வியை எழுப்பினாலும், 'இது சான்றிதழ் உள்ள வைரம்' என்னும் ஒரு சொல்லில் அமைதி அடைந்துவிடுகின்றனர். அந்த அமைதி தகுதியற்றது என்பதை விளக்கவும், மனச்சான்று உறுத்தாமல் தேர்வு செய்ய வழிகாட்டவும் இக்கட்டுரை முயல்கிறது.

வாங்குவோர் முன் உள்ள வழிகள் யாவரும் அறிந்தவையே: சுரங்கத்திலிருந்து புதிதாக எடுத்த வைரம், ஆய்வகத்தில் வளர்த்த வைரம், ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள பழைய வைரம், வைரமே வேண்டாம் என்னும் துணிவு. இவற்றுள் முதலாவது வழிக்குத்தான், சான்றிதழ் என்னும் போர்வையின் கீழ், தகுதிக்கு மீறிய நம்பிக்கை தரப்படுகிறது.

அச்சான்றிதழின் வரலாறு துயரத்தில் தொடங்குகிறது. 1991 முதல் 2002 வரை சியரா லியோனில் நடந்த உள்நாட்டுப் போரில், கிளர்ச்சிப் படையினர் வைரங்களை விற்று ஆயுதம் வாங்கியதோடு, பொதுமக்களின் கைகளையும் வெட்டினர். அங்கோலாவிலும் வைரமே போருக்குப் பணமாயிற்று. இத்தகைய கற்களை உலகம் 'இரத்த வைரம்' என்று அழைத்தது. 2000 மே மாதத்தில் தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி நகரில் தொடங்கிய பேச்சுகளின் விளைவாக, 2003 ஜனவரி 1 முதல் கிம்பர்லி நடைமுறை என்னும் சான்றளிப்பு ஏற்பாடு செயலுக்கு வந்தது. அது செய்த நன்மையை மறுக்க இயலாது. ஆனால் அது எதைச் செய்யவில்லை என்பதையே வாங்குவோர் முதலில் அறிய வேண்டும்.

அதன் முதற்குறை வரையறையில் இருக்கிறது. சட்டபூர்வமான அரசைக் கவிழ்க்க முனையும் கிளர்ச்சியாளருக்குப் பணம் தரும் வைரம் மட்டுமே அதன்படி 'மோதல் வைரம்' ஆகும். அரசின் படையே சுரங்கத்தில் மக்களைக் கொன்றாலும், குழந்தைகளை வேலை வாங்கினாலும், ஆற்றையும் நிலத்தையும் அழித்தாலும், அவ்வைரம் இந்த வரையறைக்குள் வராது. ஜிம்பாப்வேயின் மராங்கே வைர வயல்களில் 2008-ஆம் ஆண்டு இராணுவம் நடத்திய தாக்குதலில் இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்ததாக மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. இருந்தும் 2011-இல் அவ்வயல்களின் வைரங்களுக்கு ஏற்றுமதி அனுமதி கிடைத்தது. இந்த ஏற்பாடு உருவாகவே காரணமாக இருந்த குளோபல் விட்னஸ் அமைப்பு அதே ஆண்டு டிசம்பரில் அதிலிருந்து வெளியேறியது என்பதைவிட வலுவான சாட்சியம் தேவையில்லை. உக்ரைன் போர் தொடங்கிய பின்னரும், ரஷ்ய அரசுக்குப் பெரும்பங்கு உள்ள அல்ரோசா நிறுவனத்தின் வைரங்கள் மோதல் வைரமாகக் கருதப்படவில்லை. அதனால்தான் ஜி-7 நாடுகள் 2024 முதல் அவற்றுக்குத் தனித் தடை விதிக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது குறை, அச்சான்றிதழ் தனிக்கல்லுக்கு உரியதன்று. எல்லை கடக்கும் பட்டை தீட்டாத கற்களின் முத்திரையிட்ட பொட்டலத்துக்கு மட்டுமே உரியது. உலகின் பத்து வைரங்களில் ஏறத்தாழ ஒன்பது பட்டை தீட்டப்படும் சூரத் நகரில், பல நாட்டுக் கற்கள் அளவு வாரியாகவும் நிறம் வாரியாகவும் பிரிக்கப்பட்டுக் கலந்துவிடுகின்றன; தோட்டில் பதியும் சிறு கல்லுக்குத் தாய்நாட்டின் பெயர் அங்கேயே அழிந்துவிடுகிறது.

மூன்றாவது, கடையில் கையில் தரப்படும் அட்டை கிம்பர்லிச் சான்றிதழே அன்று என்பதாகும். அது எடை, நிறம், தெளிவு, பட்டை ஆகிய நான்கைக் கூறும் தர அறிக்கை. ஒரு காரட் என்பது 200 மில்லிகிராம் என்னும் கணக்கில் எடையை நுட்பமாகச் சொல்லும் அவ்வறிக்கை, தோண்டியவரின் கூலியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. ரசீதின் அடியில் 'மோதலோடு தொடர்பற்றது' என்று அச்சிட்ட வரி இருந்தால், அதுவும் வணிகர் தமக்கு முன் விற்றவரின் உறுதிமொழியை வழிமொழிவதே ஆகும். நெறி சார்ந்த வினாவுக்குத் தரம் சார்ந்த விடையைப் பெற்றுக்கொண்டு திருப்தி அடைவதே இன்று மிகுதியாக நிகழும் பிழை.

எனினும் சுரங்க வைரம் முழுவதையும் ஒதுக்குவதும் நீதியாகாது. 1966-இல் விடுதலை பெற்று, அடுத்த ஆண்டே வைரம் கண்டெடுக்கப்பட்ட போட்ஸ்வானா, டி பீர்ஸ் நிறுவனத்தோடு சரிபாதிப் பங்கு கொண்ட சுரங்க நிறுவனத்தின் வருவாயைக் கொண்டு பள்ளிகளையும் சாலைகளையும் கட்டிக்கொண்டது. ஆகவே புதிய கல்தான் வேண்டுமெனில், எந்த நாடு, எந்தச் சுரங்கம் என்பதை ரசீதில் எழுதித் தரும் வணிகரிடம் மட்டும் வாங்குவது தகும்.

ஆய்வக வைரம் போலியன்று. மிகுந்த அழுத்தத்தாலும் வெப்பத்தாலும், அல்லது கரிமம் கொண்ட வாயுவிலிருந்து படியவைத்தும் வளர்க்கப்படும் அது, சுரங்க வைரத்தைப் போலவே கரிமப் படிகம். சுரங்கக் கொடுமை அதில் இல்லை. ஆனால் அது பெரும் மின்சாரத்தை உண்பதும், அம்மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்தால் 'பசுமை வைரம்' என்னும் பெயர் பொருந்தாமற் போவதும், மறுவிற்பனையில் மிகக் குறைவாகவே திரும்பக் கிடைப்பதும் நினைவில் இருக்க வேண்டியவை. அழகுக்காக மட்டும் அணிவோருக்கு அது ஏற்றது. சேமிப்பாக எண்ணுவோருக்கு ஏற்றதன்று.

அடுத்தது பழைய வைரம். எல்லா வகையிலும் மேலானது அதுவே. பாட்டியின் ஏழு கல் தோட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால், நடுவில் ஒரு கல்லும் சுற்றி ஆறு கற்களுமாக, பின்புறம் பொன்னால் மூடிய கட்டுமானம் தெரியும். 'புளூ ஜாகர்' என்று தமிழ் வீடுகள் பெருமையோடு சொல்லும் கல்லின் பெயர், தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபோன்டெய்ன் சுரங்கத்திலிருந்து வந்தது. அங்கேயும் துயரம் இல்லாமல் இல்லை; அச்சுரங்கத்தின் கழிவைத் தேக்கியிருந்த அணை 2022 செப்டம்பரில் உடைந்து, சேறு வீடுகளை அடித்துச் சென்றது. ஆயினும் பழைய கல்லை மீண்டும் அணிவதால் புதிதாக ஒரு குழியும் தோண்டப்படுவதில்லை, ஒரு தொழிலாளியும் புதிதாக வதைபடுவதில்லை. அதைப் புதுக்க எண்ணுவோர், கற்களைத் தம் கண்முன் கழற்றச் செய்து, எண்ணி, எடையைக் குறித்துக்கொண்ட பிறகே பொற்கொல்லரிடம் ஒப்படைப்பது நல்லது.

எந்த வழியாயினும், அவரவர் வருவாய்க்கும் இயல்புக்கும் ஏற்பத் தேர்வதே முறை. கடன்பட்டு வாங்கிய கல் காதில் ஒளிர்ந்தாலும் மனத்தில் சுமையாகவே இருக்கும். பிறர் வற்புறுத்தலால் வாங்கியது பெட்டகத்தில்தான் உறங்கும். வைரம் எல்லார்க்கும் ஒத்துவராது என்று நம்பிய முன்னோர், வாங்குமுன் சில நாள் வீட்டில் வைத்துப் பார்த்தனர். அந்நம்பிக்கையை ஏற்காதவரும் அந்தப் பொறுமையை ஏற்கலாம். பூமிக்கடியில் நூறு கோடி ஆண்டுக்கு மேல் காத்திருந்த கல், மணமக்களுக்காக இன்னும் ஒரு வாரம் காத்திருக்கும். அவ்வாரத்தில் கடைக்காரரிடம் ஒரே கேள்வியைக் கேட்கவேண்டும்: இது எங்கிருந்து வந்தது? எழுத்தில் விடை தராத கடையில் வாங்காமல் திரும்புவதே அறம்.